உழைப்பு ஆட்டக்காரனுக்கு, சாவி முதலாளிக்கு!

தோழர்களே! 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற கணினி ஆட்டம் 2004-ல் வந்தது. மாதாமாதம் சந்தா கட்டி, இரவெல்லாம் கண்விழித்துப் பாடுபட்டவன் அதில் பொன் சேர்த்தான். 2015-ல் கம்பெனியே டோக்கன் விற்றது. காசுள்ளவன் அதை மாற்றிப் பொன்னை அள்ளினான். பழைய ஆட்டக்காரன் மனம் கசந்தான்.

2023-ல் மைக்ரோசாஃப்ட் ஏகபோகம் 6,870 கோடி டாலருக்கு அந்தக் கம்பெனியை விழுங்கியது. 2024 ஜனவரியில் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரைத் தெருவில் நிறுத்தியது.

"வெறும் விளையாட்டுத்தானே" என்று நாம் சிரிக்கலாமா? வேடசந்தூரில் நூற்பவனுக்கு நூல் சொந்தமில்லை. திண்டுக்கல்லில் பூட்டுச் செய்பவனுக்கு லாபம் சொந்தமில்லை. ஆட்டக்காரன் கதையும் அதுவே!

கசந்து ஒதுங்கினால் சாவி கைக்கு வராது. அந்த ஆட்டத்தை உருவாக்கும் 500-க்கு மேற்பட்டோர் 2024 ஜூலையில் சங்கம் கண்டனர். அதுவே வழி! சங்கத்தில் சேருவோம்!