மில்லிமீட்டரும் மீட்டரும்

லிட்டில் அந்தமானின் துறைமுகம் ஹட் பே. 2004 டிசம்பர் 26 சுனாமி அதன் அலைத்தடுப்புச் சுவரைச் சேதப்படுத்தியது. கரையோரக் குடியிருப்புகளை வாரிக்கொண்டு போனது. அதே தீவில் டூகாங் கிரீக்கில் வசித்த ஓங்கே பழங்குடியினர் முன்கூட்டியே மேடேறித் தப்பினார்கள். எந்த இலாகாவின் சுற்றறிக்கையும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

மற்றவர்களுக்குத் தேவைப்படுகிறது. வீட்டை எவ்வளவு உயரத்தில் கட்டுவது, படகுத்துறையை எங்கே வைப்பது?

அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. பருவநிலை மாற்றத்தை மதிப்பிட சுற்றுச்சூழல் அமைச்சகம் 2009இல் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வு நிறுவனங்களை ஓர் அமைப்பில் இணைத்தது. மறு ஆண்டே அறிக்கை வந்தது. இமயமலை, மேற்குத் தொடர்ச்சி மலை, வடகிழக்கு, கடலோரம் என நான்கு பிரதேசங்கள். தீவுகளுக்குத் தனி இடமில்லை. 2020இல் புவி அறிவியல் அமைச்சகம் தன் மதிப்பீட்டை வெளியிட்டது. நாட்டிலேயே இதுதான் முதல் என்றார்கள். முந்தையது பக்கத்து வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது!

அந்த 2020 அறிக்கை, வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993-2017இல் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் உயர்ந்ததாகச் சொல்கிறது. நல்ல கணக்கு. ஆனால் 2004 பூகம்பத்தில் கிரேட் நிகோபாரின் இந்திரா முனை ஒரே நாளில் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. இந்த வேகத்தில் கடல் அவ்வளவு உயர 1,200 ஆண்டுகள் வேண்டும். போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சுமார் ஒரு மீட்டர் இறங்கியது. வட அந்தமானிலோ நிலம் மேலெழுந்தது. ஆக, கடல் எவ்வளவு ஏறும் என்பதோடு தரை எவ்வளவு அசையும் என்பதையும் சேர்த்துப் பார்க்காத எண் ஹட் பேக்குப் பயன்படாது. கடல்மட்டத்தை அளப்பவர் ஒருவர், நில அதிர்வைக் கவனிப்பவர் வேறொருவர், காட்டைக் காப்பவர் இன்னொருவர். ஹைதராபாத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 முதல் செவ்வனே இயங்குகிறது. அது வரப்போகும் அலைக்கானது. ஐம்பது ஆண்டு நிற்க வேண்டிய சுவருக்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

கேள்வி வெறும் ஏட்டளவில் இல்லை. லிட்டில் அந்தமானில் புதிய நகரம் எழுப்ப நிதி ஆயோக் திட்டம் வகுத்தது. சுமார் 240 சதுர கிலோமீட்டர் காடு அதற்குக் கேட்கப்பட்டது. 2020 செப்டம்பரில் அந்தத் தீவின் வன அதிகாரி ஆட்சேபித்துக் குறிப்பு எழுதினார். காடு, ஓங்கேக்களின் உரிமை, பூகம்பம், சுனாமி நான்கும் அந்த ஒரே குறிப்பில் இருந்தன.