பரணிக்குள் ஒரு குற்றம்

பழவங்காடி கணபதி கோயில் வாசலில் நின்றால் காது பழகிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆகும். தேங்காய் உடைபடும் சத்தம் ஓய்வதே இல்லை. பரீட்சைக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று, வீசாவுக்கு ஒன்று என்று ராணுவத்தின் பராமரிப்பில் இருக்கும் அந்தச் சின்னக் கோயிலில் ஒரு நாளில் உடையும் காய்களை வைத்து ஒரு ஊருக்கே சட்னி அரைக்கலாம். சாலையைக் கடந்து நாலு எட்டு வைத்தால் சாலை பஜார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய கடைத்தெரு. நவம்பர் இரண்டாம் வாரம் பிறந்துவிட்டால் இங்கே தள்ளுவண்டிகளின் நிறம் மாறும். ஆரஞ்சும் ஆப்பிளும் ஒதுங்கிக்கொள்ள, கறுப்புத் திராட்சை மலைபோல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

நான் போனது எனக்காக அல்ல. எங்கள் தெருவில் ஒரு அம்மச்சி இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, முழங்கால் ஒத்துழைப்பதில்லை. "மோனே, அஞ்சு கிலோ. கம்பம் முந்திரிங்கான்னு கேட்டு வாங்கு" என்று பையைக் கையில் திணித்துவிட்டார். மலையாளத்தில் திராட்சையும் முந்திரிங்காதான். முதல் வருஷம் இது தெரியாமல் முந்திரிப் பருப்பு வாங்கிக்கொண்டு போய்த் திட்டு வாங்கியவன் நான்.

வண்டிக்காரர் உத்தமபாளையத்துக்காரர். எனது தமிழைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "சாப்பிடவா, வைனுக்கா?" என்றார். வைனுக்கு என்றதும் மேலே இருந்த பளபளப்பான குலைகளை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து எடுத்தார். கொஞ்சம் தளர்ந்த பழம், காம்பு பழுப்பேறியது, மேலே மாவுபோல் ஒரு பூச்சு. அழகு குறைவு, ஆனால் சர்க்கரை அதிகம். பிரான்ஸில் இதற்கென்று படித்தவர்கள் கருவி வைத்துப் பார்க்கும் விஷயம் இது. அவர் ஒரு பழத்தை வாயில் போட்டுப் பார்த்தே சொல்லிவிட்டார்.

கம்பம் பள்ளத்தாக்கின் இந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தாவர நூல்களில் இதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று முல்லைப் பெரியாறு தண்ணீர் பாயும் ஊர்களில் வருஷம் முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். தண்ணீர் கேரளத்திலிருந்து இறங்குகிறது, பழம் குமுளி மலையேறித் திரும்பிப் போகிறது. அணை பற்றி இரு மாநிலங்களும் நீதிமன்றத்தில் மோதிக்கொண்ட வருஷங்களிலும் கேரளத்துக் கிறிஸ்துமஸ் மேஜைக்கு ஒயின் தமிழ்நாட்டுத் திராட்சையில்தான் வந்தது.

இனி அம்மச்சியின் சமையலறை. ஒரு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சர்க்கரை, ஒன்றரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, ஏலம், அரை ஸ்பூன் ஈஸ்ட். கையால் பிசைந்து பீங்கான் பரணியில் போட்டு, வாயை வேட்டித் துணியால் கட்டி இருட்டு மூலையில் வைக்க வேண்டும். 21 நாள், தினம் ஒரே நேரத்தில் மரக்கரண்டியால் கிளற வேண்டும். பிறகு வடிகட்டி, மேலும் 20 நாள் அசையாமல் வைத்தால் மண்டி அடியில் தங்கிவிடும். மொத்தம் 41 நாள். ஒரு மண்டலம்! சபரிமலைக்கு மாலை போடும் அதே பருவத்தில் இந்தத் தெருவில் பரணியும் விரதம் இருக்கிறது.

கிளறுவதற்குக் காரணம் உண்டு. ஈஸ்ட் பெருக ஆரம்பத்தில் காற்று வேண்டும். பெருகிய பிறகு காற்றே எதிரி. அப்போது வேறு ஒரு நுண்ணுயிர் உள்ளே புகுந்து சாராயச் சத்தைக் காடியாக்கிவிடும். கோதுமை ஈஸ்ட்டுக்குக் கொஞ்சம் சத்து கொடுக்கும், மற்றபடி நம்பிக்கை. இந்த விஞ்ஞானம் எதுவும் அம்மச்சிக்குத் தெரியாது. ஆனால் 21ஆம் நாளுக்குப் பிறகு பரணியைத் திறக்க யாரையும் விடமாட்டார்.

ருசி? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூக்கருகே கொண்டுபோனால் பன்னீர் வாசனை, உடனே கிராம்பு. வாயில் வைத்தால் இனிப்பு, அதற்கப்புறமும் இனிப்பு, தொண்டையில் இறங்கும்போது லேசான சூடு. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ பழத்தில் சர்க்கரை சுமார் 170 கிராம். அதோடு நாம் போடும் ஒரு கிலோ. எல்லாம் கரைந்து கிட்டத்தட்ட மூன்று லிட்டர் திரவம். அதாவது லிட்டருக்கு 400 கிராம் சர்க்கரை. ஒரு சதவீதம் ஆல்கஹால் உண்டாக்க ஈஸ்ட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை போதும். ரொம்ப முயன்று 12 சதவீதம் வரை போனாலும் 200 கிராம்தான் தீரும். மீதி 200 கிராம் அப்படியே இருக்கும். கோலா பானத்தில்கூட லிட்டருக்கு 106 கிராம்தான்! இத்தனை சர்க்கரைக்குள் ஈஸ்ட்டுக்கே மூச்சு முட்டும் என்பதால் பெரும்பாலும் 12 வரை போவதும் இல்லை.

தண்ணீரும் சர்க்கரையும் சேர்க்காமல் வெறும் பன்னீர் திராட்சைச் சாற்றையே புளிக்க வைத்தால் 9, 10 சதவீதத்தில் இனிப்பில்லாத லேசான ஒயின் கிடைக்கும். இதை ஒருமுறை அம்மச்சியிடம் சொன்னேன். "அது ஒயின் ஆயிரிக்கும், கிறிஸ்துமஸ் ஆகில்லா" என்றார். கேக்கோடு சாப்பிடும் பானத்துக்கு இனிப்பு வேண்டாமா? அவர் கட்சியும் நியாயம்தான்.

நாசிக்கில் ராஜீவ் சமந்த் சூலாவைத் தொடங்கியது 1999ல். அதற்குப் பத்தாண்டு முன்பே பெங்களூருக்கு அருகே நந்தி மலையடிவாரத்தில் கன்வல் குரோவர் பிரெஞ்சு ரகங்களை நட்டுவிட்டார். அங்கெல்லாம் இன்று கோப்பையைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, வாயில் கொப்பளித்துத் துப்பக் காசு கொடுத்து நிற்கிறார்கள். மகாராஷ்டிரம் 2001லேயே ஒயினுக்கென்று தனிக் கொள்கை போட்டது, கர்நாடகம் 2007ல். திராட்சை விவசாயிக்கு இன்னொரு வழி கிடைத்தது. கம்பத்துக்காரருக்கோ விலை விழுந்தால் பழம் கொடியிலேயே தொங்கும்.

நம் இரண்டு மாநிலங்களிலும் ஒயின் என்ற சொல்லுக்குத்தான் யோகம், ஒயினுக்கு இல்லை. 2003 நவம்பரில் டாஸ்மாக் சில்லறை விற்பனையை எடுத்துக்கொள்ளும்வரை தமிழ்நாட்டுத் தனியார் மதுக்கடைகளின் போர்டுகளில் "ஒயின்ஸ்" என்றுதான் எழுதியிருக்கும். உள்ளே ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும். கேரளத்தில் 2014ல் உம்மன் சாண்டி அரசு ஐந்து நட்சத்திர ஓட்டல்களைத் தவிர மற்ற பார்களை மூடிவிட்டு, பின்னர் அவற்றுக்கு "பீர் - வைன் பார்லர்" உரிமம் கொடுத்தது. மூன்று வருஷம் கேரளம் முழுக்க அந்தப் போர்டு தொங்கியது. உள்ளே போனவர்கள் பீர் குடித்தார்கள். 2017ல் கொள்கை மாறியதும் பிராந்தி திரும்பி வந்தது.

இந்தக் குழப்பத்தில் அம்மச்சி எங்கே வருகிறார்? 2019 டிசம்பரில் வந்தார். கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது கேரளக் கலால் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. வீட்டில் ஒயின் தயாரிப்பது அப்காரி சட்டப்படி குற்றம். பத்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம், ஜாமீன் கிடையாது. யூடியூபில் செய்முறை காட்டுகிறவர்களுக்கும் எச்சரிக்கை. சட்டம் புதிதல்ல, கொல்லம் ஆண்டு 1077ல், அதாவது 1902ல், வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் அது ஒரு பக்கம், பரணி ஒரு பக்கம் என்று நிம்மதியாக இருந்தார்கள்.

அதற்கு முன்னால் அம்மச்சியின் டிசம்பர் வேறு மாதிரி இருந்தது. இருபது கிலோ பழம் வாங்குவார். தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரு பாட்டில் போகும், எங்களைப் போன்ற பட்டர்மார் வீடு உட்பட. (நாங்கள் மருந்து என்று சொல்லி வாங்கிக்கொள்வோம்.) மிச்சத்தைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துப் பேத்திகளுக்குப் புதுத்துணி எடுப்பார். ஒரு வருஷம் அவசரப்பட்டு, புளித்து முடிவதற்கு முன்பே மூடியை இறுக்கிக் கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டு அலமாரியில் நள்ளிரவில் அது வெடித்து, என் அப்பாவின் பட்டு வேஷ்டி ஊதா நிறமானது. அதுவரை மருந்து என்று சொல்லிவந்த அம்மா அன்றைக்குத்தான் முதல் முறையாக அதை ஒயின் என்று அழைத்தாள்.

சுற்றறிக்கை வந்ததிலிருந்து பாட்டில் கிடையாது. இருபது கிலோ ஐந்தாகிவிட்டது. வீட்டுக்குப் போனால் கதவைச் சாத்திவிட்டு ஒரு சின்ன கிளாஸில் ஊற்றித் தருவார். ஆயுசில் ஒரு பஸ் டிக்கெட்கூட ஏமாற்றாத மனுஷி, ஒரு திருடியைப் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு!

கலால்காரர்கள் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. ஒயின் என்று சொல்லி அடுப்பில் ஏற்றிக் காய்ச்சினால் அது வாற்று. ஊறல் பானையையும் ஒயின் பரணியையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிப்பது கஷ்டம்தான். 1996ல் அந்தோனி அரசு சாராயத்தைத் தடை செய்த மாநிலம் இது, அவர்களுக்குக் கவலை இருக்கும். ஆனால் கள்ளச்சாராயச் சாவுகளுக்குக் காரணம் பழத்தின் புளிப்பு அல்ல, தொழிற்சாலை மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்ததும் அதனால்தான். திராட்சை புளிக்கும்போது உண்டாகும் மெத்தனால் அற்ப அளவு, அது ஆளைக் கொல்லாது. வேண்டுமானால் கேக்கோடு குழந்தைகளுக்கும் ஒரு ஸ்பூன் ஊற்றும் வழக்கத்தைக் கண்டித்திருக்கலாம். சிரப் மாதிரி இனித்தாலும் அதில் ஆல்கஹால் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் சுற்றறிக்கை விட்டதாகத் தெரியவில்லை.

தேவாலயத் திருப்பலி ஒயினுக்குத் தனி உரிமம் இருக்கிறது. 2022ல் கேரள அரசு சிறு ஒயின் ஆலைகளுக்கும் விதி வகுத்தது. உள்ளூர்ப் பழங்களில் தயாரிக்கலாம். திருச்சூர் வெள்ளானிக்கரையில் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழகம் வாழை, அன்னாசி, முந்திரிப் பழங்களில் செய்து "நிளா" என்று பெயரும் வைத்தது. கொட்டையை எடுத்துக்கொண்டு முந்திரிப் பழத்தை மரத்தடியில் அழுக விடுகிற மாநிலத்தில் நல்ல யோசனைதான். கோவாக்காரர் அதே பழத்தில் பெனி காய்ச்சி 2009லேயே புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார். ஆனால் இந்த விதி ஆலை வைக்கிறவர்களுக்கு. உரிமம், கட்டடம், கருவி, லேபிள் எல்லாம் வேண்டும். ஐந்து கிலோ பழமும் ஒரு பரணியும் வைத்திருப்பவருக்கு அதில் இடம் இல்லை.

அமெரிக்காவில் இரண்டு பெரியவர்கள் உள்ள வீடு ஆண்டுக்கு 200 காலன், அதாவது 757 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்கு ஒயின் செய்துகொள்ளலாம், விற்கத்தான் கூடாது. நமக்கு அவ்வளவு வேண்டாம். வீட்டுக்குப் பத்து லிட்டர், நவம்பரிலிருந்து ஜனவரி வரை, விற்பனை இல்லை, காய்ச்சக் கூடாது என்று நாலு வரி எழுதினால் போதும். பழவங்காடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் பவர் ஹவுஸ் சாலையில் அரசாங்கமே பாட்டில் பாட்டிலாக மது விற்கிறது. அந்த அரசாங்கத்துக்கு நாலு வரி எழுதுவது சிரமமா என்ன?

உத்தமபாளையத்துக்காரர் ஐந்து கிலோ நிறுத்துவிட்டு, மேலே ஒரு குலையைக் கொசுறாகப் போட்டார். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு அம்மச்சியைத் தெரிந்திருந்தது, முன்பெல்லாம் அவரே நேரில் வந்து வாங்குவாராம்.

"பாட்டிகிட்ட சொல்லுங்க சார், அஞ்சாறு வருஷமா எனக்கு பாட்டில் வரலைன்னு."

சொன்னேன். அம்மச்சி பதில் பேசவில்லை. பழத்தைக் கழுவி, பழைய துணியில் பரப்பி, ஒவ்வொன்றாக ஈரம் துடைக்க ஆரம்பித்தார். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்குமாம்.