எம்டன் கேஸில் விட்டுப்போன தரப்பு

சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீல் குமாஸ்தாவாக முப்பத்தாறு வருஷம் கேஸ் கட்டு சுமந்தவன் நான். கிழக்கு மதிலோரம் இருக்கிற அந்தக் கல்வெட்டைத் தாண்டாத நாள் குறைவு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் போட்ட குண்டில் மதில் இடிந்த இடம். கட்சிக்காரர் யாராவது கேட்டால், "ஜெர்மன்காரன் போட்டது" என்பேன். அவ்வளவுதான் தெரியும்.

எங்கள் வீட்டில் எம்டன் என்றால் நான்தான். ஊறுகாய் ஜாடியில் கைவிட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல நின்றால், "சரியான எம்டன்டா நீ" என்பாள் பாட்டி. குண்டு விழுந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. நவராத்திரி மூன்றாம் நாள். பர்மா ஆயில் கம்பெனி டாங்க் பற்றிக்கொண்டு வானமே சிவந்துவிட்டதாம். மறுநாள் கொலுவைக் கலைக்கக்கூட நேரமில்லாமல் காஞ்சிபுரத்துக்கு ரயிலேறினார்கள். பாட்டியின் சொல்லைத் தலைப்பில் வைத்த 'எம்டன் மகன்' படம், 2006இல் தமிழ்ப் பெயருக்கான வரிவிலக்குக்காக 'எம் மகன்' ஆனது. பாட்டி இருந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள்.

கப்பலின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லரைப் பற்றி ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். அதிகம் பேசாத மனுஷன். கிழக்கு ஆப்பிரிக்காவில் பிடித்த மலேரியா சாகும்வரை விடவில்லை. மூன்று புகைபோக்கி உள்ள கப்பலுக்கு நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி வைத்து, பிரிட்டிஷ் கப்பல் போலக் காட்டிக்கொண்டு வந்தவர். பிடித்த சரக்குக் கப்பல்களின் ஆட்களைப் பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் மூழ்கடிப்பார். கபிங்கா கப்பலில் கேப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்ததால் அதை மூழ்கடிக்காமல் விட்டார். எதிரிகளே கனவான் என்று மெச்சினார்கள்.

இந்தப் புகழ்ச்சியை நான் முழுசாக ஏற்கமாட்டேன். பினாங்கு துறைமுகத்தில் அவர் தாக்கிய ரஷ்யப் போர்க்கப்பலில் எண்பதுக்கு மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' எம்டனைச் சல்லடையாக்கியது. மிச்ச உயிர்களைக் காப்பாற்றக் கப்பலைப் பவளப்பாறையில் ஏற்றினார் முல்லர். அந்தச் சண்டையில் அவர் ஆட்களில் நூற்று முப்பதுக்கு மேல் போய்விட்டார்கள்.

பிறகு மால்டாவில் கைதி, அடுத்து இங்கிலாந்து. 1917இல் 21 பேரோடு சுரங்கம் வழியாகத் தப்பி, மறுபடி மாட்டிக்கொண்டார். ஊர் திரும்பியதும் புத்தகம் எழுதச் சொல்லி நச்சரித்தார்கள். அவருக்குக் கீழே இருந்த முக்கே 1915லேயே எழுதிவிட்டார். முல்லர் மறுத்துவிட்டார். தோழர்களின் ரத்தத்தைக் காசாக்குவதுபோல அவருக்குத் தோன்றியது. 1923இல், ஐம்பது வயதுகூட ஆகாமல், இறந்தார். பொய்ப் புகைபோக்கியைவிட அந்த மறுப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

செத்தவர்களை அவர் விற்கவில்லை. நாம் நம்மவர்களை மறந்தே போனோம். அன்றிரவு சென்னைத் துறைமுகத்தில் குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். கல்வெட்டு மதிலைப் பற்றிப் பேசுகிறது. கோர்ட் பாஷையில் சொன்னால், பாதிக்கப்பட்ட தரப்பைச் சேர்க்காமலே கேஸ் முடிந்திருக்கிறது. அவர்களுக்கு அங்கே ஒரு வரி வேண்டும். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே என்கிறீர்களா? தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு எத்தனையோ என் கையால் டைப் அடித்திருக்கிறேன்.