பொம்மை ரயில் ஓரத்தில் செடிகள் கருகுவது ஏன்?

''அரை ஏக்கரில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். பக்கத்தில் உள்ள தங்கும் விடுதியின் தோட்டத்தில் பொம்மை ரயில் ஓடுவதற்குப் பாதை போட்டிருக்கிறார்கள். அதன் இருபுறமும் செடி நடும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். சித்திரையில் 120 செடிகள் நட்டேன். ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் கருகிவிட்டன. இட்லிப்பூச் செடிகள் மஞ்சளாகிவிட்டன. 'உங்கள் செலவிலேயே மாற்றிக் கொடுங்கள்' என்கிறார்கள். மறுபடியும் நட்டால் பிழைக்குமா?''

- ஒரு வாசகர், ஓசூர்.

பிழைக்கும். ஆனால், காரணத்தைச் சரிசெய்யாமல் நட்டால் இரண்டாவது முறையும் நஷ்டம்தான்.

நீங்கள் அனுப்பிய படங்களில் மூன்று தவறுகள் தெரிகின்றன. ஒன்று, நிழல்வலைக்குள் வளர்ந்த செடிகளை நேராகக் கோடை வெயிலில் நட்டது. இரண்டாவது, பாதைக்குப் போட்ட கான்கிரீட்டின் மிச்சத்தைச் செடிக்குழியிலேயே விட்டது. சிமென்ட்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் இட்லிப்பூச் செடியால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருப்பது இதன் அடையாளம். மூன்றாவது, பாதையின் ஓரம் பள்ளமாக இருப்பதால் தண்ணீர் தேங்கி வேர் அழுகியது.

முதலில் சிமென்ட் கட்டிகளைப் பொறுக்கிவிட்டு, ஓர் அடி ஆழத்துக்கு மண்ணை மாற்றுங்கள். செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து போடலாம். தண்ணீர் வடிய ஒரு பக்கம் சரிவு கொடுங்கள். உயிரோடு இருக்கும் இட்லிப்பூச் செடிகளுக்கு, 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, மாலையில் இலைகளில் தெளியுங்கள்.

அடுத்தது, செடித் தேர்வு. ஜெர்மனியில் 1968-ம் ஆண்டு 'எல்.ஜி.பி' ரயில்கள் வந்த பிறகுதான் இந்தத் தோட்ட ரயில் பழக்கம் பல நாடுகளுக்கும் பரவியது. அந்த வகைத் தண்டவாளத்தின் அகலம் 45 மில்லிமீட்டர். ரயில் பெட்டிகள் நிஜ அளவில் 22.5-ல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் 30 அடி மரம், 16 அங்குலச் செடியாகிவிடும். எனவே, இலை சிறுத்த செடிகள்தான் பொருந்தும். நம் புதர்க்காடுகளில் வளரும் குரங்கு வெற்றிலை, குட்டை இட்லிப்பூ, மருதாணி ஆகியவற்றைக் கத்தரித்து மரம்போல வளர்க்கலாம். ஆல், அரசு, மூங்கில் வேண்டாம். அவற்றின் வேர் பாதையையே தூக்கிவிடும்.

உங்கள் வயலில் ஏற்கெனவே வளர்ந்த புதர்களைக்கூட இடம் மாற்றலாம். தண்டு ஓர் அங்குலம் கனமிருந்தால், வேர்மண் உருண்டை 10 முதல் 12 அங்குலம் அகலம் இருக்க வேண்டும். பெயர்ப்பதற்கு ஆறு வாரம் முன்பே செடியைச் சுற்றிப் பாதி வட்டத்துக்கு மண்வெட்டியால் வேரை வெட்டிவிடுங்கள். உள்பக்கம் புதுவேர் விடும். பிறகு மறுபாதியை வெட்டி, மண் உதிராமல் ஈரச் சாக்கில் கட்டி எடுங்கள். மூன்றில் ஒரு பங்கு கிளையைக் கழித்துவிட்டு, முன்பு இருந்த அதே ஆழத்தில் நடுங்கள். ஆவணி, புரட்டாசியில் மேகமூட்டமான நாளின் மாலை நேரமே நல்லது. நாற்றுப்பண்ணைச் செடிகளை நடுவதற்கு 15 நாள் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள். பையைக் கிழித்தெடுத்துவிட்டு, சுருண்ட வேரைப் பிரித்துவிட்டு நடுங்கள்.

தண்டவாளத்திலிருந்து ஒரு சாண் தள்ளி நடுங்கள். தெளிப்பு நீர் வேண்டாம். உப்புத் தண்ணீர் தண்டவாளத்தில் படிந்தால் மின்சாரம் தடைபட்டு ரயில் நின்றுவிடும். சொட்டு நீரே போதும். முதல் ஒரு மாதம் உரம் எதுவும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நட்ட பிறகு தண்ணீர் விடுவது யார், எத்தனை நாள் வரை நீங்கள் பொறுப்பு என்பதைக் காகிதத்தில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பத்துக்கு ஒன்று வீதம் கூடுதல் செடிகளைப் பண்ணையில் வைத்திருங்கள். கான்கிரீட் கழிவை விட்டுவைத்தது அவர்கள் ஆட்கள் என்றால், மண் மாற்றும் செலவை அவர்களிடம் கேட்பதில் தவறில்லை.