மூன்று பாட்டுக்குள் முடியாத வேலை

பெரிய ராக் கச்சேரிகளில் படமெடுக்கப் போகிறவர்களுக்கு இன்று பெரும்பாலும் ஒரே விதிதான். மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே உள்ள தடுப்புக்குள் முதல் மூன்று பாட்டு வரைக்கும் நிற்கலாம். ஃபிளாஷ் போடக்கூடாது. மூன்றாவது பாட்டு முடிந்ததும் காவலாள் வந்து வெளியே அனுப்பிவிடுவார். பாடகருக்கு வியர்க்கத் தொடங்குவதும், குரல் திறந்துகொள்வதும், கூட்டம் தன்னை மறப்பதும் அதற்குப் பிறகுதான். கேமராவோடு வந்தவர் அப்போது அங்கே இருப்பதில்லை. உலகமெங்கும் எடுக்கப்படும் கச்சேரிப் படங்கள் ஒன்றைப் போலவே இன்னொன்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம். இளம் ஒளிப்படக் கலைஞர்கள் எங்களுக்கு அனுப்பும் படங்களைப் புரட்டும்போதும் இந்த எண்ணமே வருகிறது. கூர்மை இருக்கிறது, ஒளி இருக்கிறது. எடுத்தவருக்கும் எடுக்கப்பட்டவருக்கும் நடுவே எதுவும் நடந்ததாகத் தெரிவதில்லை.

இப்படிச் சொல்லும்போது ஒருவருடைய படங்கள் கண்முன் வருகின்றன. டச்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்டன் கோர்பைன்.

1972இல் நெதர்லாந்தின் வடகோடியில் இருக்கும் க்ரோனிங்கன் நகரத்தில் ‘சொல்யூஷன்’ என்ற குழு திறந்தவெளியில் வாசித்தது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் அப்பாவின் கேமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு அங்கே போனான். அவனுடைய குடும்பம் அந்த ஊருக்குக் குடிவந்தே அதிக நாளாகவில்லை. அங்கே யாரையும் தெரியாது. கூச்ச சுபாவம் வேறு. சும்மா போய் மேடையருகே நிற்கத் தைரியம் வராது. கையில் கேமரா இருந்தால் முன்னால் போவதற்கு ஒரு காரணம் கிடைக்கும். எடுத்த படங்களை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினான், அவை அச்சாயின. ஒளிப்படத்தின்மேல் இருந்த காதலால் அவன் இசைக்கு வரவில்லை. இசையின்மேல் இருந்த காதலால்தான் கேமராவைத் தூக்கினான். இந்த வரிசை முக்கியம்.

கோர்பைன் பிறந்தது 1955 மே 20இல், ராட்டர்டாமுக்குத் தெற்கே ஆறுகள் சூழ்ந்த ஒரு தீவில் இருக்கும் ஸ்ட்ரையன் என்ற சிற்றூரில். அப்பா டச்சு சீர்திருத்த சபையின் போதகர். அம்மாவும் போதகர் வீட்டுப் பெண். கவனிக்கத்தக்க எல்லாமே ஆற்றின் மறுகரையில்தான் நடக்கிறது என்று நினைத்து வளர்ந்ததாகக் கோர்பைன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மறுகரையிலிருந்து வந்துசேர்ந்தது இசை.

அந்தச் சபையின் வரலாற்றைக் கொஞ்சம் அறிந்தால்தான் இந்தப் பையன் செய்ததன் கனம் புரியும். 1566இல் டச்சு, ஃபிளெமிஷ் பகுதிகளின் ஆலயங்களுக்குள் சீர்திருத்தக்காரர்கள் புகுந்து சிலைகளை உடைத்தார்கள், ஓவியங்களைக் கிழித்தார்கள். பிறகு சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். உருவங்கள் போன இடத்தில் வார்த்தை வந்து உட்கார்ந்தது. பலிபீடத்தின் இடத்தைப் பிரசங்க மேடை எடுத்துக்கொண்டது. பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் சான்ரெடாம் இந்த வெறுமையான வெள்ளை ஆலயங்களையே வாழ்நாளெல்லாம் வரைந்துகொண்டிருந்தார்: உயரமான தூண்கள், வெறும் சுவர், பக்கவாட்டில் விழும் வெளிச்சம், மூலையில் ஓரிரு சிறிய மனிதர்கள். கோர்பைனின் படங்களில் ஒருவர் பெரிய வெறுமையின் ஓரத்தில் நிற்பதைப் பார்க்கிறபோதெல்லாம் இந்தச் சுவர்கள் நினைவுக்கு வருகின்றன. உருவங்களைச் சந்தேகித்த ஒரு மரபின் வீட்டிலிருந்து முகங்களைத் தேடி ஒருவர் கிளம்பினார். மரபை அவர் உதறிவிட்டுப் போகவில்லை. அதன் சிக்கனத்தை, வெள்ளையையும் கருப்பையும், அலங்காரத்தின்மேல் அதற்கிருந்த அவநம்பிக்கையைத் தன்னோடு எடுத்துக்கொண்டே போனார்.

போதகர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு இன்னொன்றும் பழகிவிடுகிறது. சாவு. வாசலில் வந்து நிற்பவர்களில் பாதிப்பேர் துக்கம் சொல்ல வந்தவர்கள். சாப்பாட்டு மேசையில் யாருடைய அடக்கம் எப்போது என்ற பேச்சு நடக்கும். 1980களின் தொடக்கத்தில், இசைப் பத்திரிகை வேலை உச்சத்தில் இருந்தபோதே, கோர்பைன் ஐரோப்பியக் கல்லறைத் தோட்டங்களுக்குப் போய் அங்கிருந்த சிலைகளைத் தனி வரிசையாகப் படமெடுத்தார். அந்த வேலையை யாரும் அவருக்குக் கொடுத்திருக்கவில்லை.

க்ரோனிங்கனில் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய சிநேகம் ஹெர்மன் ப்ரோட். பியானோ வாசிப்பவர், பாடகர், ஊருக்கே தெரிந்த போதைப் பழக்கக்காரர். போதகர் மகனுக்கு இதைவிடப் பொருந்தாத நட்பு இருக்க முடியாது. ஆனாலும் ஒட்டிக்கொண்டது. ப்ரோட்டுக்கு இன்னும் பெயர் வராத காலத்திலேயே அவரோடு சுற்றிப் படமெடுத்தார் கோர்பைன். ப்ரோட் நாடறிந்த நட்சத்திரமானபோது அந்த முகத்தை மக்கள் பார்த்தது பெரும்பாலும் கோர்பைனின் படங்கள் வழியாகத்தான். 2001 ஜூலையில் ஆம்ஸ்டர்டாம் ஹில்டன் ஓட்டலின் மாடியிலிருந்து குதித்து ப்ரோட் இறந்தார்.

அதற்கு வெகு முன்னதாகவே இன்னொரு சாவு கோர்பைனைத் தொட்டிருந்தது.

1979 ஜூனில் இங்கிலாந்தில் ‘ஜாய் டிவிஷன்’ குழுவின் முதல் இசைத்தட்டு வெளியானது. அதைக் கேட்ட கோர்பைன் ஹாலந்திலிருந்த வேலையை விட்டுவிட்டு அந்த ஆண்டின் கடைசியில் லண்டனுக்கே குடிபோனார். ஒரு இசைத்தட்டுக்காக நாடு மாறுவது அந்த வயதில்தான் முடியும். ஆங்கிலம் சரளமாக வராது. போய்ச் சேர்ந்த சிறிது நாளிலேயே குழுவைப் பிடித்து, லங்காஸ்டர் கேட் சுரங்க ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போனார். நால்வரையும் தனக்கு முதுகைக் காட்டி நடக்கச் சொன்னார். ஒருவர் மட்டும் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தப் படத்தில் மூன்று பேருடைய முதுகு தெரிகிறது. நீளமான மேல்சட்டைகள், ஓடு பதித்த சுவர், குழாய் விளக்கின் தட்டையான வெளிச்சம். திரும்பிப் பார்ப்பவர் பாடகர் இயன் கர்ட்டிஸ். அவர் முகத்தில் கேள்வியும் இல்லை, விடையும் இல்லை. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் திரும்பியிருக்கிறார், அவ்வளவுதான்.

அந்தப் படத்தைப் போட முதலில் யாரும் விரும்பவில்லை. மூன்று பேர் முகமே தெரியாத குழுப்படம் எந்தப் பத்திரிகைக்கு வேண்டும்? குழுவுக்கு மட்டும் பிடித்திருந்தது. மான்செஸ்டருக்கு வந்து இன்னும் படம் எடுக்கச் சொல்லி அழைத்தார்கள். 1980 மே 18 அதிகாலையில் கர்ட்டிஸ் தன் வீட்டில் தூக்குப் போட்டுக்கொண்டார். வயது 23. கோர்பைனுக்கு இருபத்தைந்தாவது பிறந்தநாள் வர இரண்டு நாள் இருந்தது. அதன் பிறகு அந்தப் படம் எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

கர்ட்டிஸை அவர் சில தடவைகளே சந்தித்திருந்தார். ஆனாலும் அந்தச் சாவு அவரை விடவில்லை. 1988இல் ‘அட்மாஸ்பியர்’ பாட்டுக்கு அவர் எடுத்த காணொளியில், தலையை மூடிய அங்கி போட்ட சிறிய உருவங்கள், துறவிகளைப் போல, கர்ட்டிஸின் பிரம்மாண்டமான படங்களைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளியில் ஊர்வலம் போகின்றன. ராக் இசைக்கு எடுக்கப்பட்ட காட்சிகளில் இதைப் போல ஒரு திருச்சடங்கின் நடையோடு இன்னொன்றை நாங்கள் பார்த்ததில்லை. 2007இல் கர்ட்டிஸின் வாழ்க்கையை ‘கன்ட்ரோல்’ என்ற கருப்பு வெள்ளைப் படமாக எடுத்தார். அதுதான் அவருடைய முதல் திரைப்படம். செலவில் சுமார் பாதி அவர் கைக்காசு. கர்ட்டிஸின் மனைவி டெபோரா எழுதிய நினைவுக் குறிப்பே கதைக்கு அடிப்படை. ஜெர்மன் பாடகரும் கோர்பைனின் நெடுநாள் நண்பருமான ஹெர்பர்ட் க்ரோனமையர் அதில் மருத்துவராக வந்துபோகிறார். கான் திரைப்பட விழாவில் 2007 மே 17 அன்று அது திரையிடப்பட்டபோது, கர்ட்டிஸ் இறந்து 27 ஆண்டுகள் நிறைய ஒரு நாள் இருந்தது.

விசுவாசமும் மேடையும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட இடம் ஒன்றிலும் கோர்பைன் போய்ச் சேர்ந்தார். அது டப்ளின் இளைஞர்களின் ‘யு2’ குழு.

1981இல் அந்தக் குழு கலைந்துபோகும் நிலையில் இருந்தது. நால்வரில் பாடகர் போனோ, கிதார் வாசிக்கும் எட்ஜ், டிரம்ஸ் வாசிக்கும் லாரி மல்லன் ஆகிய மூவரும் ‘ஷாலோம்’ என்ற ஜெபக்குழுவில் இருந்தார்கள். வேதவசனம் படிப்பார்கள், சேர்ந்து ஜெபிப்பார்கள். அந்த வட்டத்தில் ராக் இசையை விட்டுவிட வேண்டும் என்ற நெருக்கடி வந்தது. விசுவாசியாக இருந்துகொண்டு மேடையில் துள்ளிக் குதிக்கலாமா, கைதட்டலை வாங்கிக்கொள்ளலாமா? எட்ஜ் குழுவை விட்டு விலகவே யோசித்தார். இருபது வயதுப் பையன்களுக்கு இது விளையாட்டுக் கேள்வி இல்லை. அவர்கள் இரவெல்லாம் தூங்காமல் பேசிய கேள்வி. கடைசியில் அவர்கள் விட்டது ஷாலோமை. விசுவாசத்தை விடவில்லை. பாட்டுக்குள் அதைக் கொண்டுவந்தார்கள். ‘அக்டோபர்’ இசைத்தட்டு அந்தத் தவிப்பில் பிறந்தது. அதன் முதல் பாட்டின் பல்லவி ஆராதனையில் வரும் லத்தீன்.

கோர்பைன் அவர்களைச் சந்தித்தது அடுத்த பிப்ரவரியில், 1982இல். இடம் நியூ ஆர்லியன்ஸ். மிசிசிப்பி ஆற்றில் ஒரு படகில் கச்சேரி. ஒரு பத்திரிகை வேலையாகத் தொடங்கியது நாற்பது ஆண்டைத் தாண்டியும் நீள்கிறது. ஜெபக்கூட்டத்திலிருந்து மேடைக்கு வந்தவர்களும் போதகர் வீட்டிலிருந்து கேமராவுக்கு வந்தவரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள அதிக விளக்கம் தேவைப்பட்டிருக்காது என்றே தோன்றுகிறது.

1986 டிசம்பரில் புதிய இசைத்தட்டின் அட்டைப்படத்துக்காக நால்வரும் கோர்பைனும் கலிபோர்னியப் பாலைவனத்தில் பேருந்தில் சுற்றினார்கள். பாலைவனம் என்றாலும் குளிர் எலும்பைத் துளைத்தது. படத்தில் வெயில் ஊர் போலத் தெரிய வேண்டுமே என்று கோட்டுகளைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அட்டையில் அவர்கள் முகம் அவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் குளிரும் ஒரு காரணம். கோர்பைனின் கையில் இருந்தது அகலக் காட்சி எடுக்கும் கேமரா. அவருக்கு அது பழக்கமில்லாதது. மரணப் பள்ளத்தாக்கில் ஸப்ரிஸ்கி பாயின்ட் என்ற இடத்தில் எடுத்த அந்த அட்டைப்படத்தில் குழு இடது ஓரத்தில் நிற்கிறது. மீதி முழுக்க மண்ணும் மலையும்.

அந்தப் பயணத்தில் ஒரு முன்னிரவில் பேசிக்கொண்டிருந்தபோது கோர்பைன் அந்தப் பாலைவனத்தில் வளரும் ஒரு மரத்தைப் பற்றிச் சொன்னார். கைகளை வானத்துக்கு உயர்த்தியதுபோல் கிளை விரிக்கும் மரம். அந்த வழியாகப் போன மார்மன் குடியேறிகள், ஜெபிக்கும் யோசுவாவாக அதைக் கண்டு யோசுவாவின் பெயரை வைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மறுநாள் காலை போனோ வேதாகமத்தோடு வந்தார். இசைத்தட்டின் பெயர் ‘தி ஜோஷுவா ட்ரீ’ என்றார். வழக்கமாகக் கூட்டமாக நிற்கும் அந்த மரம், டார்வின் என்ற ஊருக்குப் பக்கத்துச் சாலையோரம் தன்னந்தனியாக நின்றது. அங்கே இறங்கிப் படமெடுத்தார்கள். 1987 மார்ச்சில் வெளியான அந்த இசைத்தட்டு இரண்டு கோடிக்கு மேல் விற்றது. மரம் 2000 வாக்கில் விழுந்துவிட்டது. விழுந்த மரத்தைப் பார்க்க இன்னும் ஆட்கள் போகிறார்கள்.

கூலிக்கு வந்த கேமராக்காரர் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அன்றிரவோடு போயிருக்கும். நண்பன் சொன்னதால் அது இசைத்தட்டுக்குப் பெயரானது. கோர்பைனின் புத்தக வரிசையைப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது: யு2வோடு 1982 முதல் 2004 வரை ஒரு புத்தகம், பாடகர் டாம் வெயிட்ஸோடு 1977 முதல் 2011 வரை ஒன்று. அவர் பெரும்பாலும் உதவியாளர் கூட்டம் இல்லாமல், கேமராவைக் கையில் பிடித்து, இருக்கிற வெளிச்சத்தில் எடுப்பவர். எதிரில் இருப்பவருக்குப் படப்பிடிப்பு என்ற உணர்வு வராமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

நட்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அழகாகக் காட்டுவது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘டெபஷ் மோட்’ குழுவை அவர் 1981இல் முதன்முதலாக எடுத்தபோது, பாடகர் டேவ் கஹானை முன்னால் நிறுத்தி அவரையே மங்கலாக்கிவிட்டார். பத்திரிகை அட்டையில் முதன்முறை வரும் பாடகருக்கு அது எவ்வளவு வருத்தம் தரும்! வருத்தம்தான் வந்தது. ஐந்தாண்டு கழித்து 1986இல் அதே குழு ஒரு பாட்டைப் படமாக்க அவரையே கூப்பிட்டது. 1993 முதல் அவர்களுடைய மேடைகளை வடிவமைத்ததும் அவர்தான்.

நாற்பத்தாறு வயதை ஒட்டிய காலத்தில் அவர் ஸ்ட்ரையனுக்குத் திரும்பிப் போனார். ஜான் லெனன், ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின், கர்ட் கோபேன் என்று இறந்துபோன பாடகர்களைப் போலத் தானே வேடமிட்டு, பிறந்த ஊரின் தெருக்களில் நின்று தன்னையே படமெடுத்துக்கொண்டார். பெற்றோரின் வீட்டில் மறுமை பற்றிய சிந்தனை. பிள்ளையின் மனசில் பாடகர்கள். இரண்டையும் ஒரே தெருவில் கொண்டுவந்து நிறுத்திய வேலை அது. பார்க்கக் கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கும். எங்களுக்கு அவருடைய மிக நேர்மையான வேலை அதுதான்.

2022 மே மாதம் டெபஷ் மோட் குழுவின் ஆண்டி ஃப்ளெட்சர் இறந்தார். கஹானும் மார்ட்டின் கோரும் மட்டும் மிஞ்சினார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டின் அட்டையில் இருக்கும் பூக்களாலான இரண்டு சிறகுகள் கோர்பைன் எடுத்தவை. அதிலிருந்து முதலில் வெளியான பாட்டுக்கு அவர் இருவரையும் ஒரு மொட்டைமாடியில் சதுரங்கம் ஆட வைத்தார். இங்மர் பெர்க்மனின் ‘தி செவன்த் சீல்’ படத்தில் ஒரு வீரன் மரணத்தோடு ஆடும் ஆட்டத்தின் நினைவு அது. பெர்க்மனும் ஒரு போதகரின் மகன். அதே ஆண்டு மார்ச்சிலேயே குழு சுற்றுப்பயணம் கிளம்பியது. மேடைத் திரைகளுக்கு வேண்டிய காட்சிகளை அறுபத்தேழு வயதில் கோர்பைன் எடுத்துக்கொடுத்திருந்தார்.