ரெண்டு உரசும் அரை ஸ்பூனும்

போன மாசம் பழவேற்காடு பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்துல நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்க சாப்பிட்ட மீன் குழம்புக்கு தனிப்பதிவே போடணும், அது அப்புறம். அவனோட ஆயா உரைகல்லுல ஜாதிக்காயை ரெண்டே ரெண்டு உரசு உரசி, தாய்ப்பால்ல குழைச்சு கொள்ளுப்பேரன் நாக்குல தடவினாங்க.

"வெடியறதுக்குள்ள இவன் அம்மா மீன் கூடையைத் தூக்கணும் தம்பி. இது தூங்குனாத்தான் அவ கண்ணசர முடியும்."

எனக்கு ஆயா மேல கோவம் இல்லை மக்களே. அதே வாரம் வாட்சப்புல ஒரு படிச்ச புண்ணியவான் அனுப்பினாரே, "குழந்தை தூங்க அரை ஸ்பூன் ஜாதிக்காய்ப் பொடி, இயற்கைதானே, பக்கவிளைவே கிடையாது"ன்னு, அவர் மேலதான்.

பக்கவிளைவு கிடையாதாம்! ஜாதிக்காய் எண்ணெயில மிரிஸ்டிசின், எலிமிசின்னு மூளையைத் தொடுற சரக்கு இருக்கு. அளவு மீறினா சில மணி நேரம் ஒண்ணும் தெரியாது. அப்புறம் வாய் வறண்டு, நெஞ்சு படபடத்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். தெளிய ஒரு நாளுக்கு மேலயும் ஆகலாம். 1829ல பர்க்கின்யேன்னு ஒரு செக் விஞ்ஞானி மூணு காயைத் தின்னு தானே சோதிச்சுப் பார்த்தார். மால்கம் எக்ஸ் ஜெயில்ல போதைக்காக இதைத் தண்ணியில கலக்கிக் குடிச்சதை சுயசரிதையில சொல்லியிருக்கார். இதைத்தான் கைக்குழந்தைக்கு அரை ஸ்பூன்!

பழவேற்காட்டுக்கு இந்தக் காயோட உறவு பழசு. 1613ல இங்க கெல்டிரியா கோட்டை கட்டின டச்சுக்காரன், நம்ம துணியைக் கப்பல்ல ஏத்தி கிழக்குத் தீவுகள்ல வாசனைச் சரக்கா மாத்தினான். ஜாதிக்காய்க்காக 1621ல பாண்டா தீவு ஜனங்களையே கிட்டத்தட்ட ஒழிச்சுக் கட்டினான். அவனும் இயற்கை விரும்பிதான் :-)

அப்புறம் சூடம். தேங்காய் எண்ணெயில போட்டு சளிக்கு நெஞ்சுல தேய்ப்போமே, அது தோல் வழியாவும் உள்ள போகும், சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரவைக்கும். யூகலிப்டஸ், கற்பூரம் சேர்ந்த தைலங்களால பெரியவங்களுக்கே வலிப்பு வர்றதை பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் டாக்டர்கள் 2021ல எழுதியிருக்காங்க.

"எங்க பாட்டியும் குடுத்தாங்க, நாங்க நல்லாத்தானே இருக்கோம்"னு பின்னூட்டம் வரும், தெரியும். நல்லா இல்லாமப் போன குழந்தை பின்னூட்டம் போட வராது சார்.

ஆயாகிட்டயும் சொன்னேன், அந்த ரெண்டு உரசும் வேணாம்னு.

"அப்ப ராத்திரி பூரா நீ தூக்கி வச்சிக்கிறியா?"

திருதிருன்னு முழிச்சேன். மூணரைக்கெல்லாம் அந்தப் பொண்ணு கூடையோட கிளம்பிடுச்சு.