பாடியவர் முகமும் எழுதியவர் பெயரும்

2021ஆம் ஆண்டில் பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ வெளிவந்தபோது, சந்தோஷ் நாராயணன் இசையமைத்த அதன் பாடல்களை எம்மவர் விரும்பிக் கேட்டனர். வடசென்னைக் குத்துச்சண்டைக் களத்தைச் சித்திரிக்கும் அப்படத்தில், துறைமுகத் தொழிலாளியான கபிலன் முதலிற் போராட வேண்டியிருப்பது எதிராளியின் கைமுட்டியோடன்று. தன் பரம்பரைக்குள்ளேயே குடிகொண்டிருக்கும் சாதித் திமிரோடாகும்.

அவ்விசைத்தொகுப்பின் ‘நீயே ஒளி’ பாடலில், யாழ்ப்பாணத்திற் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போலின் குரல் ஒலித்தது. நாம் பெருமை கொண்டோம். ஆனால் அதன் தமிழ் வரிகளை எழுதியவர் அறிவு என்பதை எம்மில் எத்தனை பேர் கேட்டறிந்தோம்?

அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ சஞ்சிகை, இப்பாடலையும் ‘என்ஜாய் எஞ்சாமி’யையும் முன்னிட்டுப் பாடகி தீயையும் ஷானையும் தன் அட்டையில் ஏற்றியது. இரண்டுக்கும் வரி தந்த அறிவு அங்கில்லை. ரஞ்சித் முதலானோர் கண்டித்த பின்னரே அவருக்குத் தனியாக ஓர் இணைய அட்டை கிடைத்தது.

பாடியோர்மீது குறை காண்பது எமது நோக்கமன்று. உழைப்பை உள்ளே எடுத்துக்கொண்டு உழைத்தவனை வாசலில் நிறுத்தும் வழக்கத்தையே நாம் சாடுகின்றோம். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மறிக்கப்பட்டோரை அறிந்த எமக்கு அவ்வழக்கம் புதிதன்று.

“பாட்டு நன்றாயிருந்தாற் போதாதா? எழுதியவர் யாராயிருந்தால் என்ன?” என்பர் சிலர். தேநீர் சுவையாயிருந்தாற் போதும், கொழுந்து பறித்தவள் யாராயிருந்தால் என்ன என்று கேட்பதும் இதுவேயன்றோ? அறிவின் பாட்டி எமது நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அத்தோட்டங்களை வளமாக்கிய மக்களையே 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கணக்குப் பொருளாக்கியது. அவர்களைக் கலந்தாலோசியாமலே 5,25,000 பேர் இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்டனர். அன்று அம்மக்களுக்காகப் போதிய குரல் எழுப்பாத வடபுலத்து நாம், இன்று பாட்டில் எம்மூர்க் குரலை மட்டும் தேடிக் கண்டு மகிழ்கின்றோம். அட்டைப்படத்தைக் குறைகூற எமக்கு என்ன தகுதி உண்டு?

தகுதியைத் தேடிக்கொள்வோம். தன்மானம் பேசும் இப்பாடலை வகுப்பறையில் ஒலிக்கச் செய்யும் ஆசிரியர்கள், அதற்குமுன் எழுதியவரின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவார்களாக. பாட்டி எங்கே உழைத்தாள் என்பதையும் மாணவருக்குச் சொல்வார்களாக. அதன் பின்னர் பாட்டைக் கேட்போம்.